வராத வண்டி

கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப்பெட்டியை இழுத்தபோது அதன் பிடி போர்வையில் மாட்டிக்கொண்டது. போர்வை நகர, அதன் மேல் கிடந்த மனைவியின் வலது கையும் கொஞ்சம் நகர்ந்தது. அறையில் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. அவர் போர்வையை விடுவித்துவிட்டு அந்தக் கையை எடுத்துப் பழையபடி வயிற்றின் மேல் வைத்தார். விடியற்காலை நாலரைக்கு இருந்த சூடு இப்போது அதில் இல்லை.

"என்னண்ணே இது," என்றாள் அவருடைய தங்கை. "இன்னைக்குமா வேலைக்குப் போவாங்க?"

"வேலைக்கு இல்ல. என்னோட ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு முகாம்ல கிடக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"நாலு மணிக்கு எடுக்கணும். வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்ல? பொண்டாட்டியைக் கிடத்திட்டு ஆம்ப்ளிஃபயர் எடுக்கப் போயிருக்காருன்னா?"

"அப்படியே சொல்லு."

பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு திருப்புளி, குறடு, மீட்டர், கருப்பு டேப். எல்லாம் இருந்தன. அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் ரேடியோக்காரர்தான். ரேடியோவைப் பழுதுபார்த்த காலம் போய் இருபது வருடமாகிவிட்டது. இப்போது கூட்ட அரங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒலிபெருக்கி மாட்டுவதும், கெட்டுப்போன மைக்கைச் சரிசெய்வதும்தான் வேலை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மனைவிகூட, "ஏங்க ரேடியோ, கொஞ்சம் இங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

தங்கைக்குக் கை சும்மா இருக்கவில்லை. அண்ணியின் கையை மறைப்பதற்காகப் போர்வையை மேலே இழுத்துவிட்டாள். அந்த முன்கையில் மூன்று வரிசையாகச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. முதல் வரிசையில் மூன்று புள்ளி, அடுத்ததில் ஐந்து, கடைசியில் ஏழு. முதலில் வைத்தவை வெளுத்திருந்தன. கடைசியில் வைத்தவை இன்னும் ஊதா நிறத்தில் இருந்தன.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் போர்வையை மறுபடி கீழே இறக்கினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். அம்மாவின் மூக்கு, அம்மாவின் பிடிவாதம்.

"பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்கடி."

"கேக்கட்டும் அத்தை. கேட்டா நான் சொல்றேன்." பிறகு அப்பாவைப் பார்த்து, "மணி எட்டே முக்கால்ப்பா. பத்து மணிக்குத்தான் போடுவாங்க. இப்பக் கிளம்பினா சரியா இருக்கும். அம்மா பக்கத்துல நான் இருக்கேன்," என்றாள்.

எதைப் போடுவார்கள் என்று அத்தைக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது.

வாசலில் பால் வண்டி நின்றிருந்தது. மச்சான் அதன் கதவில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணன், பால் வண்டி ஓட்டுகிறவர். அதிகாலை நடையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். கருவிப்பெட்டியைப் பார்த்ததும், "எங்க மாப்ளே?" என்றார்.

சொன்னார்.

"ஆம்ப்ளிஃபயர்தானே. முகாம்ல ஐயா ஒண்ணும் சொல்லமாட்டார். வேற வாங்கிக்குவார். நீங்க இந்த நிலைமையில ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். ஏறுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

வண்டிக்குள் புளித்த பால் வாடை அடித்தது. பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன. பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. புதிதாக வந்திருக்கும் பெண் ஏதோ ஒரு வண்டியின் எண்ணைத் தடுமாறித் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

இருபத்திரண்டு வருடம் அங்கே அறிவிப்புக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவள் ஆரம்பித்தால் தூங்குகிறவன்கூட எழுந்து பையைத் தேடுவான். ஒரு நாள் குரல் கரகரக்கிறது என்று நிலைய அதிகாரி ரேடியோக்காரரை வரவழைத்தார். அவர் மைக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "நல்லாப் பாருங்க. ஒயருலதான் கோளாறு இருக்கும். என் தொண்டையில ஒண்ணும் இல்ல," என்றாள். ஒயரில்தான் கோளாறு இருந்தது. மறுவாரமும் கெட்டுப்போனது. அதற்கடுத்த வாரமும். நான்காவது முறை, "இதை நீங்களே கெடுத்துட்டுப் போறீங்களோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள். அவர் காது சிவந்தது. அந்த வருடமே கல்யாணம் முடிந்தது.

அவளுக்கு வேலையில் ஒரே ஒரு பிடிவாதம். வண்டி வந்து நின்று, அதன் எண் பலகையை ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் வந்துவிட்டது என்று அறிவிப்பாள். நேரக் காப்பாளர் வாசலில் நின்று "வந்துடுச்சும்மா, சொல்லு" என்று கத்தினாலும் சொல்லமாட்டாள். "நான் சொன்னா நூறு பேர் மூட்டையைத் தூக்கிட்டு ஓடுவாங்க. அதுல ஒருத்தி பிள்ளைத்தாச்சியா இருப்பா. வராத வண்டிக்கு அவளை ஓட விடணுமா?"

அப்படிப்பட்டவள்தான் முகாமில் போடும் அந்தப் பதிவில் பேசினாள்.

"மாப்ளே," என்றார் மச்சான், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"என் முதுகுவலி அங்கேதான் போச்சு. அது உங்களுக்கே தெரியும். நின்னா உக்கார முடியாது, உக்காந்தா நிக்க முடியாது. ரெண்டே தடவை. இன்னைக்கு நாப்பது லிட்டர் கேனை ஒத்தக் கையில தூக்கறேன். தங்கச்சிக்கும் சரியாத்தான் வந்துச்சு. நடுவுல அவ மனசு ஆடிப்போச்சு. ஆஸ்பத்திரி, ஸ்கேனுன்னு ஓடினா. நம்பிக்கை விட்டுப்போச்சு. அதான்..."

ரேடியோக்காரர் கருவிப்பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க மச்சான்."

மச்சான் நிறுத்தினார். கேன்களின் சத்தமும் நின்றது.

"இப்ப சொன்னீங்களே, அந்த வார்த்தையை அங்க யாராச்சும் சொன்னாங்களா, இல்ல நீங்களா நினைச்சீங்களா?"

"ஐயா சொன்னார். காலையில போன் பண்ணினேன். அழுதுட்டார் மாப்ளே, நிஜமாவே அழுதார். சாயங்காலம் வந்து பிரார்த்தனை பண்றேன்னார். 'அவ தளர்ந்துபோனதை மன்னிச்சு ஏத்துக்கோ'ன்னு வேண்டிக்கறேன்னார்."

"அவர் வர வேண்டாம்."

"மாப்ளே..."

"நாலு மணிக்கு அவளைத் தூக்கும்போது, நம்பிக்கை இல்லாததால செத்துப்போனான்னு ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது. உங்க வாயில இருந்து வந்தாலும் சரி. அவ்வளவுதான். வண்டியை எடுங்க."

இருபது வருடத்தில் மாப்பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி மச்சான் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

குடலில் கட்டி என்று போன வருடம் டாக்டர் சொன்னார். ஆரம்பம்தான், அடுத்த மாதமே அறுத்து எடுத்துவிடலாம் என்று தேதியும் கொடுத்தார். அறுக்கிறது என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்போதுதான் மச்சான் முகாமைப் பற்றிச் சொன்னார். மூன்று நாள். பிரார்த்தனை, உபவாசம், ஒரு கொடியின் கஷாயம். பிறகு தவளை மருந்து. கனலும் குச்சி முனையால் கையில் புள்ளி வைத்து, அதன் மேல் எங்கோ தூரக் காட்டுத் தவளையின் முதுகில் வழித்துக் காயவைத்த பசையைத் தடவுவார்கள். அதற்கு முன் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு எரிந்து, முகம் வீங்கி, வாந்தியாக வரும். வருவது நோய் என்பார்கள். ஆளுக்கொரு நீல வாளி, அதில் வெள்ளைப் பெயிண்டில் எண். அவளுடையது ஒன்பது.

திரும்பி வந்தவள் நிஜமாகவே நன்றாக இருந்தாள். அதை அவரால் மறுக்க முடியாது. ஐந்து வாரம் பசித்துச் சாப்பிட்டாள், தூங்கினாள், படியில் பாடிக்கொண்டே ஏறினாள். ஆபரேஷன் தேதி அந்த ஐந்து வாரத்துக்குள் வந்து போனது. முகாமில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். யாரோ செல்போனில் பதிவு செய்து போட்டதை அவர் கேட்டார். குரல் தகரத்தில் உருட்டியதுபோல் இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. மருந்தை அவர் நம்பவில்லை. ஆனால் அந்தக் குரலை அப்படிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டு, நல்ல மைக் வைத்து, மறுபடி பேசச் சொல்லிப் பதிவு செய்தார். முகாமுக்குத் தன் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் இலவசமாகக் கொண்டுபோய் மாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முகாமும் அவள் குரலோடுதான் ஆரம்பித்தது.

அந்தப் பதிவில் ஒரு இடம் உண்டு. 'இன்று என் உடம்பில்' என்று சொல்வதற்கு முன் அவள் நாற்காலியில் லேசாகப் புரண்டு முனகினாள். 'ம்' என்று ஒரு சின்ன முனகல். கேட்க நன்றாக இருக்காது என்று அவர் கம்ப்யூட்டரில் அதைக் கத்தரித்து எடுத்துவிட்டார். ஒட்டு தெரியாமல் செய்வதில் அவர் கெட்டிக்காரர்.

ஐந்து வாரம் கழித்து வலி திரும்பியதும் அடுத்த இரண்டு முகாமுக்கும் போனாள். வலி போகவில்லை. கடைசியில் அவரே பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நான்கு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்து நிலையம் வந்ததும், "வராத வண்டியை வந்துடுச்சுன்னு சொல்லிட்டேங்க," என்றாள். "கண்ணால பாக்காம."

மறுநாளே முகாமுக்குப் போய்ப் பதிவை நிறுத்தச் சொன்னாள். ஐயா பொறுமையாகக் கேட்டார். "சாட்சின்னா இறைவனுக்குக் கொடுத்த வார்த்தைம்மா. கொடுத்ததைத் திரும்பக் கேக்கலாமா?"

"இறைவனுக்குத்தான் கொடுத்தேன். உங்க ஸ்பீக்கருக்குக் கொடுக்கல," என்றாள் அவள்.

அவர்கள் நிறுத்தவில்லை. வேறொரு பதிவு செய்து அனுப்பலாம் என்று ரேடியோக்காரர் போர்வைகளைத் தொங்கவிட்டார். வாந்தி எடுத்து எடுத்து அவள் தொண்டை கிழிந்து போயிருந்தது. போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டாள். "இதைக் கேட்டா ஜனங்க வேற பஸ்ஸுல ஏறிப் போயிடுவாங்க. வேண்டாம். நீங்க போய்ச் சொல்லுங்க."

"எனக்கு மைக்குல பேச வராது."

"இருபது வருஷமா ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றீங்க இல்ல? நாலுலேருந்து ஆரம்பிங்க."

அவர் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்துவிட்டார்.

முகாம் இருந்த இடம் ஒரு காலத்தில் நாற்றுப் பண்ணை. ஐயாவே அங்கே செடி விற்றவர்தான். பச்சை வலைக் கூரை அப்படியே இருந்தது. அதன் கீழ் யார் உட்கார்ந்தாலும் முகத்தில் பச்சை படியும். வண்டி வளைவில் திரும்பும்போதே குரல் கேட்டது.

"...மூன்று மாதம் வலியில் படுத்திருந்தேன். குடலில் கட்டி என்றார்கள். இங்கே வந்தேன். மருந்தைப் பெற்றேன்..."

மச்சான் பிரேக்கை மிதித்தார். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. இதுவரை முப்பது தடவையாவது கேட்டிருப்பார். வீட்டில் கிடத்திவிட்டு வந்த பிறகு கேட்பது இதுதான் முதல் தடவை.

"...இன்று என் உடம்பில் அந்தக் கட்டி இல்லை. சந்தேகத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்."

மணி பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சீக்கிரமே போட்டுவிட்டார்கள்.

ரேடியோக்காரர் இறங்கி நடந்தார். உள்ளே பாய்களில் இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நீல வாளி. முன் வரிசை ஓரத்தில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். அவளுடைய வாளிக்குள் ஆஸ்பத்திரியின் பெரிய பழுப்பு உறை ஒன்று மடித்துச் செருகியிருந்தது. வாளியில் ஒன்பது என்று எழுதியிருந்தது. கழுவிக் கவிழ்த்து, அடுத்த ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாளி என்றால் அப்படித்தான். ஆனாலும் அவர் நின்றுவிட்டார்.

ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சவரம் செய்த முகம், ரப்பர் செருப்பு, கண் சிவந்திருந்தது. "வரணும்னு தோணிச்சே, அதுவே பெரிசு. உக்காருங்க. முதல் பிரார்த்தனை அவங்களுக்குத்தான்."

"என் ஆம்ப்ளிஃபயரை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"தாராளமா. இந்தக் கூட்டம் முடியட்டும்."

ரேடியோக்காரர் மேடையைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டாண்டில் மைக். நான்கு ஒயரைப் பிடுங்கினால் முடிந்தது. ஆனால் ஒயரைப் பிடுங்கினால் குரல் இன்றைக்கு மட்டும்தான் நிற்கும். அதன் பிரதி இங்கே பத்துப் பேருடைய செல்போனில் இருக்கிறது. கேட்டவர்களோ கேட்டுவிட்டார்கள்.

அவர் மேடை ஏறி, பழக்கத்தில் மைக்கை இரண்டு விரலால் தட்டினார்.

"ஹலோ," என்றார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக் செட்காரர் என்று நினைத்திருப்பார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு இரண்டு ஒலிபெருக்கியிலும் பெரிதாகக் கேட்டது.

"இப்ப கேட்டீங்களே, அந்தக் குரல் என் மனைவியோடது. இன்னைக்கு விடியக்காலை நாலரைக்கு அவ செத்துட்டா. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம்."

கூரை வலை காற்றில் படபடத்தது.

"அந்தக் கட்டி போகல. அவளோட வயித்துலதான் இருக்கு. சேர்த்துத்தான் புதைக்கப் போறோம்."

"தம்பி," என்றார் ஐயா கீழே இருந்து.

"இந்தப் பதிவை எங்க வீட்ல நான்தான் எடுத்தேன். 'இன்று என் உடம்பில்'னு சொல்றதுக்கு முன்னாடி அவ வலியில முனகினா. கேக்க நல்லா இருக்காதுன்னு நான் அதை வெட்டிட்டேன். அது அதுல இருந்திருக்கணும். அவ ஏமாத்தல. அஞ்சு வாரம் அவளுக்கு நல்லா இருந்துச்சு, நல்லாயிடுச்சுன்னு நினைச்சா, சொன்னா. அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சதும் இதே இடத்துக்கு வந்து, நிறுத்துங்கன்னு கேட்டா. நிறுத்தல."

ஐயா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. "துக்கத்துல பேசறார். நாம பொறுத்துக்குவோம். அந்த அம்மா நல்ல ஆத்மா. நடுவுல கொஞ்சம் நம்பிக்கை தளர்ந்து..."

"தளரல," என்றார் ரேடியோக்காரர்.

அது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. ஒலிபெருக்கி கீச்சென்று ஊளையிட்டது. அவர் கையை நீட்டி ஒரு குமிழைத் திருகி அதை அடக்கிவிட்டு, மைக்குக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

"அவ கையில பதினஞ்சு சூடு இருக்கு. வீட்டுக்கு வந்தா பாக்கலாம், நாங்க மூடி வைக்கல. ஒவ்வொரு தடவையும் மூணு லிட்டர் தண்ணி. முகம் வீங்கி, கண்ணு திறக்க முடியாம, வாளியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கா. மூணு தடவையும் பாதியில எந்திரிச்சுப் போகல. இதுக்கு மேல நம்பிக்கைன்னா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. அவ நம்பிக்கையில குறை இல்ல. குறை மருந்துல."

ஐயா மச்சானைப் பார்த்தார். மச்சான் மேடையின் பின்பக்கம், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகாமில் விளக்கு, விசிறி, மைக் எல்லாம் அவர் பொறுப்பு. ஐயா கையால் சைகை செய்தார். போதும், அணைத்துவிடு.

மச்சான் சுவிட்சின் மேல் விரலை வைத்தார். ரேடியோக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒன்பதாம் எண் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அப்படியே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"வேற ஒண்ணும் இல்ல," என்றார் ரேடியோக்காரர். "பிரார்த்தனை பண்ண வேண்டாம்னு நான் சொல்லல. பண்ணுங்க. டாக்டர் தேதி கொடுத்திருந்தா அந்தத் தேதிக்கும் போங்க. அவ போகல."

யாரும் எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஆள், "சரிங்க, சொல்லிட்டீங்க, கிளம்புங்க. நாங்க ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கோம்," என்றான். வேறு யாரோ அவனை அடக்கினார்கள். ஒரு மூதாட்டி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பழுப்பு உறை வைத்திருந்த பெண் தலையைக் குனிந்திருந்தாள்.

ரேடியோக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றினார். அவசரப்படவில்லை. கழற்றிய முனைகளுக்குக் கருப்பு டேப் சுற்றினார். ஐயா பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில், "இத்தனை பேரோட நம்பிக்கையை உடைச்சிட்டுப் போறீங்க. இது நியாயமா?" என்றார்.

"பிளக்கைக் கழட்டறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஷாக் அடிக்கும்," என்றார் அவர்.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் மச்சான், "அந்த வாளியெல்லாம் நான்தான் கழுவறது மாப்ளே," என்றார். கொஞ்சம் கழித்து, "அவளோடதையும் நான்தான் கழுவினேன். மூணாவது தடவை அதுல ரத்தம் இருந்துச்சு. ஐயாகிட்ட சொன்னேன். கெட்ட ரத்தம், போகட்டும்னார். வீட்ல நான் சொல்லல."

ரேடியோக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கேட்காததுபோல் இருக்கவும் முடியவில்லை. கேட்டதுபோல் திரும்பவும் முடியவில்லை. வெகுநேரம் கழித்து, "கேனைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம் மச்சான். ரொம்பச் சத்தம்," என்றார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். ஓட்டுநர்கள் சீருடையோடு வந்திருந்தார்கள், பாதிப் பேர் வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு. "உங்க வீட்டம்மா நம்பரைச் சொன்னாத்தான் எனக்கு கியரே விழும்," என்று ஒருவர் ரேடியோக்காரரின் தோளில் முகத்தை வைத்து அழுதார். தங்கை இரண்டு முறை போர்வையைச் சரிசெய்தாள். மகள் இரண்டு முறையும் அம்மாவின் கையை வெளியே எடுத்து வைத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், ஒரே மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல். ஐயா வரவில்லை. நம்பிக்கை என்ற வார்த்தையை அங்கே யாரும் எடுக்கவில்லை. ஒருமுறை ஒரு சொந்தக்காரர் ஆரம்பித்தபோது, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பக்கம் தூக்குங்க," என்றார் மச்சான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஐந்தரை. வீட்டுக் குழாயடியில் ஒரு பெண் தோளில் பயணப் பையோடு நின்றிருந்தாள். கையில் நீல வாளி. பக்கத்தில் வந்த பிறகுதான் ரேடியோக்காரருக்கு அடையாளம் தெரிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கி, மைக்ல பேசறவங்க வீடு எதுன்னு கேட்டேன்," என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கடைசி நேரத்துல வந்தேன். கையைப் பார்த்தேன்." அவள் பழுப்பு உறையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "நாளைக்கு எனக்குத் தேதி கொடுத்திருக்காங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள வந்து சேரணுமாம். பெரியாஸ்பத்திரிக்கு இங்கேருந்து எந்த பஸ்ஸுங்க?"

"பதினாலு பி," என்றார் அவர். யோசிக்கவே இல்லை. "மூணாவது நடைமேடை. ஆறு பத்துக்கு ஒண்ணு, ஏழு மணிக்கு ஒண்ணு. வந்துடுச்சுன்னு யார் சொன்னாலும் ஓடாதீங்க. பலகையில நம்பரைப் பாத்துட்டு ஏறுங்க."

அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதினாலு பி. மூணாவது.

மச்சான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கையில் இன்னும் மண் இருந்தது. "பஸ் வேண்டாம்மா. பால் வண்டி இருக்கு, உக்கார இடம் சரியா இருக்காது. நான் கொண்டு விடறேன், ஏறுங்க." யாருடைய பதிலுக்கும் நிற்காமல் நடந்தார்.

அந்தப் பெண் வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். கேன்கள் குலுங்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டு, திரும்பியதும் மறைந்தது.

குழாய் சரியாக மூடவில்லை. காலி வாளியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மகள் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அதை மூடலாம் என்று அவர் கை நீட்டி, பிறகு கையை இழுத்துக்கொண்டார். வாளியின் அடியைத் தண்ணீர் மூடுகிற வரை சொட்டு ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது.